வழியனுப்புதல் என்னும் கடமை

குருகுலத்தில் கல்வியை முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசான் கூறும் அறிவுரை தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் இடம்பெற்றுள்ளது. உண்மை பேசுதல், அறவழி நிற்றல், தாய் தந்தையரையும் விருந்தினரையும் போற்றுதல் என்று அந்த உரை விரிகிறது. இப்பகுதியைப் பலரும் அறிவர். ஆனால் அதன் பிற்பகுதி அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. எது செய்யத்தக்கது என்பதில் ஐயம் எழுமானால், அவ்விடத்தில் வாழும் நடுநிலையும் கனிவும் உடைய சான்றோர் எவ்வாறு நடந்துகொள்கிறார்களோ, அவ்வாறே நடந்துகொள்ளுமாறு ஆசான் மாணவனைப் பணிக்கிறார்.

இந்த அறிவுரைக்குள் ஒரு நுட்பமான ஒப்புதல் இருக்கிறது. பல ஆண்டுகள் தம் அருகிலேயே வைத்துப் பயிற்றுவித்த மாணவனையும் முழுமை பெற்றவனாக ஆசான் கருதவில்லை. அவனுக்கு ஐயங்கள் வரும். அப்போது தாம் அருகில் இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கேட்டுத் தெளிவதற்கு மனிதர்கள் உண்டு என்று சொல்லி அனுப்புகிறார். குருகுலத்திலிருந்து புறப்படுவதைச் சமாவர்த்தனம் என்ற சடங்காகவே நம் முன்னோர் அமைத்தனர். வளர்ப்பது எவ்வளவு பொறுப்பான செயலோ, வழியனுப்புவதும் அவ்வளவு பொறுப்பான செயல் என்பதே அதன் கருத்து.

இன்றும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு சாரார் தாங்கள் வளர்ந்த இடத்தைவிட்டுப் புறப்படுகின்றனர். பெற்றோரை இழந்தோ, பெற்றோரால் பேண முடியாமலோ குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியேறும் இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்கள். அவர்களுடைய புறப்பாட்டில் பெரும்பாலும் சடங்கு இல்லை. சில நேரங்களில் சொல்லி அனுப்ப ஆளும் இல்லை. பதிவேட்டில் ஒரு கையெழுத்து, ஒரு பெட்டி, ஒரு சான்றிதழ் உறை ஆகியவற்றோடு வாசல் கடக்கப்படுகிறது. இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது: ஒரு குழந்தையைப் பேணும் பொறுப்பை ஏற்ற சமூகத்தின் கடமை, ஒரு குறிப்பிட்ட தேதியில் முடிந்துவிடுமா?

ஒரு தேதியின் பொருள்

சட்டத்திற்கு ஓர் எல்லைக்கோடு தேவை. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் 18 வயதை அந்தக் கோடாக வகுத்தது. வாக்களிக்கும் வயதும் 1988-இல் நிறைவேறிய 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 18 வயது நிறையாதவரையே குழந்தை என்கிறது. இவ்வாறு கோடு வகுப்பதில் தவறில்லை. எங்காவது ஓரிடத்தில் அது வகுக்கப்பட்டே ஆக வேண்டும்.

ஆனால் மனிதர் வளர்வது தேதிகளால் அன்று. சாதாரணக் குடும்பம் ஒன்றில் 18-ஆம் பிறந்தநாள் எவ்வாறு கழிகிறது? அன்று பாயசம் வைக்கிறார்கள். மறுநாள் எல்லாம் பழையபடியே நடக்கிறது. கல்லூரிக் கட்டணத்தைத் தந்தை செலுத்துகிறார். வெளியூர் விடுதியில் இருக்கும் மகளிடம் சாப்பிட்டாயா என்று தாய் தொலைபேசியில் கேட்கிறாள். முதல் வேலை சரிப்படாவிட்டால் வீட்டிற்கு வந்துவிடலாம். இருபத்தைந்து வயதிலும், முப்பது வயதிலும்கூட அந்த வாசல் திறந்தே இருக்கிறது. பெற்றோரின் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு இத்தனை அவகாசம் அளிக்கும் சமூகம், அந்த நிழலே கிட்டாத பிள்ளையிடம் ஒரே நாளில் முழு மனிதனாகிவிடுமாறு கூறுகிறது. மிகக் குறைவாகப் பெற்றவரிடம் மிக விரைவில் முதிர்ச்சியை எதிர்பார்க்கும் இந்த முரண்பாட்டைச் சட்டத்தின் பெயரால் மட்டும் நியாயப்படுத்த இயலாது.

மணியோசையில் வளர்ந்தவர்

ஓர் இளைஞனைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஏழு வயதிலிருந்து அவன் ஓர் இல்லத்தில் வளர்ந்திருக்கிறான். அந்த இல்லம் நல்ல இல்லம். அவனை அன்பாகவே நடத்தியது. காலையில் மணியடித்தால் எழுந்தான்; மணியடித்தால் உண்டான்; மணியடித்தால் படித்தான். உணவு தட்டில் வந்தது. சோப்பும் எண்ணெயும் மாதத்தின் முதல் நாள் வழங்கப்பட்டன. பள்ளிக் கட்டணம் எவ்வளவு, யார் செலுத்தினார் என்று அவனுக்குத் தெரியாது. இன்று என்ன சமைக்கலாம் என்று அவனை யாரும் கேட்டதில்லை. நூறு பேருக்குச் சமைக்கும் இடத்தில் அக்கேள்விக்கு இடமும் இல்லை.

18 வயதில் அவன் ஒரு நகரத்திற்கு வருகிறான். வாடகைக்கு அறை கேட்கிறான். முன்பணம் எவ்வளவு என்பதற்கு முன்பே, உன் சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகள் வருகின்றன. விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் எதை எழுதுவது? தான் விட்டு வந்த இல்லத்தின் முகவரியையா? முதல் சம்பளம் கைக்கு வரும்போது, இவ்வளவு பணத்தை ஒருசேர அவன் பார்ப்பது அதுவே முதல் முறை. பத்து நாளில் அது கரைந்துவிடுகிறது. இரவில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கொடுக்க ஆளில்லை. தீபாவளிக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டதும் உடன் வேலை செய்பவர்கள் ரயிலேறிச் செல்கின்றனர். அவனுக்கோ விடுமுறை என்பது நாட்களிலேயே கடினமான நாள்.

இவற்றுள் எதுவும் ஒழுக்கக் குறைவன்று, சோம்பலுமன்று. மற்றவர்கள் தாய் தந்தையர் அருகில், தாங்கள் கற்பதை அறியாமலேயே கற்றுக்கொண்டவை அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. கடைக்குத் துணையாகச் செல்லும் சிறுமி, காய்கறி விலை பேசுவதைத் தாயிடமிருந்து கற்கிறாள். மின்கட்டணம் கூடிவிட்டதென்று தந்தை கடிந்துகொள்ளும்போது, விளக்கிற்கும் விலையுண்டு என்பதைச் சிறுவன் அறிகிறான். பெரிய இல்லங்களின் ஒழுங்குமுறை குழந்தையைக் காக்கிறது. ஆனால் அதே ஒழுங்குமுறை, முடிவெடுக்கும் வாய்ப்பை அதனிடமிருந்து நாள்தோறும் எடுத்துக்கொள்கிறது.

இடைவழி வீடு

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அது இல்லமும் அன்று, தனிவாழ்க்கையும் அன்று. சாதாரணத் தெரு ஒன்றில் சாதாரண வாடகை வீடு. அதில் சில இளைஞர்களோ சில இளம்பெண்களோ சேர்ந்து வாழ்கின்றனர். பொறுப்பாளர் ஒருவர் உடனிருப்பார் அல்லது அடிக்கடி வந்து பார்த்துச் செல்வார். 2016-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகள் இதற்கு இடமளிக்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் வரை கொண்ட குழுக்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு, தொழிற்பயிற்சிக் காலத்திலும் உயர்கல்விக் காலத்திலும் உதவித்தொகை, தொடர்ந்து தொடர்பில் இருக்கும் ஆலோசகர், சொந்தத் தொழில் தொடங்கக் கடன் ஏற்பாடு ஆகியவற்றை அவ்விதிகள் குறிப்பிடுகின்றன. இந்தப் பிற்பராமரிப்பு பொதுவாக 21 வயது வரையிலும், தேவை கருதி 23 வயது வரையிலும் அளிக்கப்படலாம். 2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்கள் இதற்காக ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையை வகுத்தன.

தனியார் முயற்சிகளும் இத்திசையில் முன்னரே நடந்துள்ளன. ஹெர்மன் ஜெமைனர் 1949-இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராம இயக்கம் 1964-இல் இந்தியாவிற்கு வந்தது. கூடத்திற்குப் பதிலாக வீடு, கண்காணிப்பாளருக்குப் பதிலாகத் தாய் என்பது அதன் அடிப்படை. வளர்ந்த பிள்ளைகளைத் தனி இளைஞர் இல்லங்களுக்கு மாற்றித் தன்பொறுப்புக்குப் பழக்குவதும் அதன் முறைகளுள் ஒன்று. 1994-இல் தில்லியில் தோன்றிய உதயன் கேர் அமைப்பும் குடியிருப்புப் பகுதிகளில் சிறு வீடுகளை அமைத்துக் குழந்தைகளை வளர்ப்பதோடு, 18 வயதைக் கடந்தவர்களுக்கான பிற்பராமரிப்பிலும் ஈடுபட்டது.

இத்தகைய வீட்டில் நடப்பவை வெளிப்பார்வைக்கு மிகச் சிறியவை. இந்த வாரம் காய்கறி வாங்கும் முறை யாருடையது? எரிவாயு உருளை தீரும் முன் யார் பதிவு செய்வது? மின்கட்டணத்தை எவ்வாறு பங்கிடுவது? வங்கிக் கணக்கு, ஆதார், வாக்காளர் அட்டை ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் உள்ளனவா? நேர்முகத் தேர்வுக்கு எந்தப் பேருந்தில் செல்வது? பாத்திரம் கழுவாமல் படுத்துவிட்டவனிடம் சண்டையிடாமல் எப்படிச் சொல்வது? சுதந்திரம் என்னும் பெரிய சொல்லின் உண்மையான பாடத்திட்டம் இந்தச் சிறுமைகளில்தான் இருக்கிறது.

இருபதாம் தேதியின் சோதனை

இந்த வீடுகளின் கடினமான பகுதி கட்டடமோ நிதியோ அன்று. அங்கே இருக்கும் பெரியவரின் மனமே கடினமான பகுதி. ஓர் இளைஞன் தன் மாதப் பணத்தை இருபதாம் தேதிக்குள் செலவழித்துவிட்டான் என்று கொள்வோம். ஒரு கைப்பேசிக்குத் தவணை கட்டினான், நண்பர்களுக்கு விருந்தளித்தான். இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. பொறுப்பாளர் என்ன செய்ய வேண்டும்?

இரக்கம் மிகுந்தவர் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். இளைஞன் நன்றி சொல்வான். அடுத்த மாதமும் இருபதாம் தேதி வரும். கண்டிப்பு மிகுந்தவர், பட்டால்தான் தெரியும் என்று கைவிரித்துவிடுவார். இளைஞன் தெரிந்துகொள்வான், ஆனால் செலவைத் திட்டமிட வேண்டும் என்பதையன்று, தன் தவறு தெரிந்தால் மனிதர்கள் விலகிவிடுவார்கள் என்பதையே தெரிந்துகொள்வான். அது அவன் சிறுவயதிலேயே கற்ற பாடம். மறுமுறை கற்பிக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதற்கு நேரம் தேவை. பொறுப்பாளர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவன் அருகில் அமர்கிறார். பணம் எங்கே போயிற்று என்று குற்றவாளியைக் கேட்பதுபோல் கேளாமல், கணக்குப் பார்ப்பவரைப்போல் இருவரும் எழுதிப் பார்க்கின்றனர். பொதுச் சமையலில் அவனுக்குச் சோறு உண்டு. பசி ஒருபோதும் தண்டனையாகாது. பேருந்துச் செலவுக்கு வேண்டியதைக் கடனாகப் பெறுகிறான். அதை எந்தத் தேதியில் திருப்பித் தருவது என்று அவனே சொல்கிறான். அந்தத் தேதி எழுதப்படுகிறது. அந்த நாளில் அவன் பணத்தைத் திருப்பித் தந்தால், அவனுக்குக் கிடைப்பது தன்மீது நம்பிக்கை. அந்த நாளில் தரவில்லையென்றால், மீண்டும் அந்த நோட்டுப் புத்தகம் திறக்கப்படுகிறது. கதவு மூடப்படுவதில்லை.

தவறு செய்வதற்கும், அதன் விளைவைச் சந்திப்பதற்கும், அதனால் அழிந்துபோகாமல் இருப்பதற்கும் ஒருசேர இடமளிப்பதே இந்த வீட்டின் பயன். குடும்பத்தில் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் இந்த இடம் கிடைத்திருக்கிறது. பலர் அதை மறந்துவிட்டனர், அவ்வளவே.

ஓர் எதிர்வாதம்

தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும், தனக்குத் தானே நண்பன் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் உபதேசிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். உதவி நீள நீள உள்ளத்தின் உரம் குறையும். நீந்தத் தெரிய வேண்டுமானால் நீரில் தள்ளிவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்குமாறு ஒருவரைப் பழக்குவது அவருக்குச் செய்யும் தீங்கே. உதவி செய்பவர் தாம் தேவைப்படுவதில் இன்பம் காணத் தொடங்கிவிட்டால், சேவை என்ற பெயரில் அவர் வளர்ப்பது தம் அகங்காரத்தையே.

ஆயினும் அந்த உபதேசம் எந்தச் சூழலில் அருளப்பட்டது என்பதையும் நினைவுகூர வேண்டும். கலங்கி அமர்ந்த அர்ஜுனனுக்கு அருகில் இருந்தவர் தேரோட்டி. அவர் வில்லைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. உன் பாடு என்று தேரைவிட்டு இறங்கிச் செல்லவுமில்லை. கடிவாளத்தைப் பிடித்தவாறு, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை கூறினார். பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியிலோ, சொன்னவற்றை முழுமையாக ஆராய்ந்து, உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டுவிட்டார். தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளுதலும் அருகில் ஒருவர் இருத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு அந்தத் தேர்த்தட்டே சான்று.

ஆகவே துணை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்களைப் பிரித்தறிய வேண்டும். ஒருவருக்குப் பதிலாக முடிவெடுக்கும் துணை ஒன்று. அவரே முடிவெடுக்கும் ஆற்றலை வளர்க்கும் துணை மற்றொன்று. முன்னது நாளடைவில் அடிமைத்தனமாகிறது. பின்னது நாளடைவில் தானே தேவையற்றுப் போகிறது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட், தன் அறிவால் தானே தனக்கு விதி வகுத்துக்கொள்வதே மனிதனின் சுதந்திரம் என்று கருதினார். பிறர் உதவியின்றி வாழ்தல் என்பது அதற்குப் பொருளன்று. உண்மையில் அப்படி வாழ்பவர் எவருமில்லை. சொந்தக் காலில் நிற்பவர் என்று போற்றப்படுபவரின் பின்னால், முன்பணம் தந்த மாமா, வேலைக்குப் பரிந்துரைத்த பக்கத்து வீட்டுக்காரர், பேறுகாலத்திற்கு வந்து தங்கிய தாய் என்று பலர் நிற்கின்றனர். அவர்கள் எப்போதும் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லாதபோதுதான் அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது.

பெண்ணின் புறப்பாடு

இளம்பெண்களைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 18 வயது நிறைந்த பெண்ணுக்குத் திருமணம் செய்து வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் நம் சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. நல்லெண்ணத்துடனேயே அவ்வாறு செய்பவர்களும் உண்டு. ஆனால் செல்வதற்கு வேறு இடமே இல்லாத பெண்ணிடம், உனக்குச் சம்மதமா என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? மறுத்தால் எங்கே தங்குவது என்று தெரியாதவளின் சம்மதம் சம்மதமாகாது. தங்க ஒரு வீடும், கையில் ஒரு தொழிலும், திரும்பி வர ஓர் இடமும் அவளுக்கு இருக்குமானால், அதன் பிறகு அவள் ஏற்கும் திருமணம் அவளுடைய முடிவாக இருக்கும்; மறுப்பதும் அவளுடைய முடிவாகவே இருக்கும். விருப்பம் என்பது மாற்று வழி இருக்குமிடத்தில் மட்டுமே பிறக்கிறது.

சட்டத்தின் சொல்லும் அறத்தின் சொல்லும்

2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 18 வயது நிறைந்து வெளியேறுபவருக்கு நிதியுதவி 'அளிக்கப்படலாம்' என்று கூறுகிறது. 'அளிக்கப்பட வேண்டும்' என்று கூறவில்லை. இந்த ஒரு வினைமுடிவிற்குள் பல இளைஞர்களின் தலைவிதி அடங்கியிருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அறம் கட்டளையிடுகிறது என்று கொள்வதே பண்பட்ட சமூகத்தின் அடையாளம்.

நம் நாடு இவ்வுண்மையை ஓரளவு ஒப்புக்கொண்டும் இருக்கிறது. கொரோனா பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021-இல் அறிவிக்கப்பட்ட பி.எம். கேர்ஸ் திட்டம், 18 வயதிலிருந்து 23 வயது வரை மாத உதவித்தொகையும், 23 வயது நிறையும்போது பத்து லட்சம் ரூபாயும் கிடைக்குமாறு வகுக்கப்பட்டது. பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு 18 வயதில் உதவி நின்றுவிடலாகாது என்பது அத்திட்டத்திலேயே வெளிப்படுகிறது. பெற்றோரைப் பிரித்தது பெருந்தொற்றாயினும், விபத்தாயினும், வறுமையாயினும் பிள்ளையின் தேவை ஒன்றே அல்லவா?

உதவித்தொகைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கலாம்; இருக்கவும் வேண்டும். பிறர் பணத்தை எதிர்பாராத நாள் வருவதே அந்த இளைஞனுக்கும் பெருமை. ஆனால் உறவுக்கு முடிவுத் தேதி கிடையாது. அரசு வீட்டைத் தரலாம்; தொகையைத் தரலாம். தைத்திரீய ஆசான் குறிப்பிட்ட கனிவுடைய சான்றோரை எந்த அரசாணையும் நியமிக்க முடியாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் அந்தத் தெருவில் வாழ்பவர்களே.

அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வரும் இளைஞனிடம் அப்பா யார் என்று கேட்பதை நிறுத்திக்கொண்டு, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கும் வீட்டுக்காரர் ஒரு சான்றோர். முதல் மாதத் தவறுகளுக்காக வேலையைவிட்டு நீக்காமல், இன்னொரு முறை சொல்லிக்கொடுக்கும் கடை முதலாளி ஒரு சான்றோர். வாரத்தில் ஒரு மாலை வந்து சேமிப்பையும் கடனையும் விளக்கும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒரு சான்றோர். பண்டிகை நாளில் இரக்கப்பட்டு உணவுப் பொட்டலம் அனுப்பாமல், எங்கள் வீட்டிற்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்று அழைக்கும் குடும்பத்தலைவி ஒரு சான்றோர். அந்த இளைஞனுக்கு நாளை ஐயம் எழும்போது, தொலைபேசியில் அழைப்பதற்கு ஓர் எண் இருக்கும்.

பின்னொரு நாள் அவனுக்கென்று ஒரு வீடு அமையும்; குழந்தைகள் பிறப்பார்கள். இடைவழி வீட்டில் தன்னுடன் இருந்த இளையவன் ஒருவன் வேலை தேடி அந்த நகரத்திற்கு வரும்போது, சில நாட்கள் இங்கேயே தங்கிக்கொள் என்று அவன் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் நிலைக்கு ஒருவரை உயர்த்துவதே சுதந்திரத்திற்கான பயிற்சியின் நிறைவு. அந்த நிலை வரும்வரை உடன் நின்று, வந்த பிறகும் வாசலைத் திறந்து வைத்திருப்பதே முறையான வழியனுப்புதல்.